கண்டியின் முகமும் கண்ணாடித் தகடும்

நல்ல புகைப்படம் என்றால் இயற்கையாக அமைந்த ஒரு கணத்தை அப்படியே பிடித்து வைப்பது, கணனி வந்த பிறகுதான் எல்லாம் ஒப்பனையாகிப் போனது என்ற பேச்சு எங்கள் பக்கத்து இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் ஒன்று. சென்ற வருடம் ஒரு நூல் வெளியீட்டில் தேநீர் வேளையிலும் இதே பேச்சு. பழைய காலத்துப் படங்களில் இருந்த உண்மை இப்போது இல்லை என்றார் ஒரு மூத்த கவிஞர். நான் மறுத்துப் பேசவில்லை. கிராமத்துப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவனுக்குப் பழைய காலம் என்ற சொல்லைக் கேட்டாலே ‘எந்த ஆண்டு?’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்கிறேன். அதற்குக் கண்டியை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. கமரா இலங்கைக்கு வந்த நாள் தொட்டு அது மொய்த்துக்கொண்டே இருக்கும் ஊர் இது.

கல்கத்தாவில் கல்லச்சுத் தொழில் செய்துவந்த ஃபிரடெரிக் ஃபீபிக் என்ற ஜெர்மானியர் 1852 அளவில் இலங்கைக்கு வந்து எடுத்த படங்கள், இந்நாட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய புகைப்படத் தொகுதிகளில் ஒன்று. 1856இல் கிழக்கிந்தியக் கம்பனி அவரிடமிருந்து ஏறத்தாழ 500 படங்களை வாங்கியது. அவை இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அந்தப் படங்களில் தென்னை பச்சையாக இருக்கிறது, மண் சிவப்பாக இருக்கிறது. அந்நாளைய உப்புக் காகித அச்சுக்கு நிறம் தெரியாது. நிறங்கள் எல்லாம் தூரிகையால் தீட்டப்பட்டவை. ஆகவே நம் நாட்டின் முதற் படங்களிலேயே மனிதக் கை புகுந்து வேலை செய்திருக்கிறது. அந்தக் கவிஞர் தேடும் கைபடாத காலம் 1852இலும் இல்லை.

அடுத்த தலைமுறைக் கமராக்காரர்கள் தூரிகையைக் கைவிட்டார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்திய கண்ணாடித் தகடே ஒரு பொய் சொல்லி. ஈரக் கொலோடியன் என்ற முறையில், கண்ணாடியில் பசை போன்ற திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம் எடுத்து, உடனேயே கழுவியும் விட வேண்டும். எல்லாமாகப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். ஆகவே இருட்டுக் கூடாரம், இரசாயனப் போத்தல்கள், தண்ணீர், கண்ணாடித் தகடுகள் என்று ஒரு சிறிய ஆய்வுகூடத்தையே கூலிகளின் தலையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். 1860களின் நடுப்பகுதியில் கண்டிக்கு வந்து ஸ்டூடியோ நடத்திய ஜோசப் லோட்டன், 1870-71 காலப்பகுதியில் அரசாங்கத்தின் தொல்லியற் பணிக்காக அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா என்று இப்படித்தான் காடுகளுக்குள் அலைந்தார். 1872இல் இறந்தும் போனார். அவர் எடுத்த இடிபாடுகளின் படங்களைப் பார்க்கிறவர்கள் இன்றும் வாய் திறந்து நிற்பார்கள். அவற்றில் தூணுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நிற்பான். அவன் தற்செயலாக அங்கே போனவன் இல்லை. தூணின் உயரம் விளங்கட்டும் என்று நிறுத்தப்பட்டவன். அசைந்தால் படத்தில் புகை போல் கலைந்துவிடுவான் என்பதால் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றிருப்பான்.

அந்தத் தகட்டுக்கு இன்னும் இரண்டு குறைகள் இருந்தன. நீல ஒளியை அது அளவுக்கு மிஞ்சி உள்வாங்கும். அதனால் எந்தப் பழைய படத்திலும் வானம் வெறும் வெள்ளைக் காகிதம். கண்டி வாவியின் மேலே மழைமேகம் திரண்டு நின்றாலும் படத்தில் வராது. ஐரோப்பியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மேகத்தைத் தனியாக எடுத்து வைத்து, அச்சிடும்போது ஒட்டினார்கள். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே 1850களின் பிற்பகுதியில் கடலையும் வானத்தையும் இரண்டு தகடுகளில் எடுத்து ஒன்றாக்கினார். இங்கிலாந்தில் ஒஸ்கார் ரெய்லான்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகளைச் சேர்த்து ஒரே படம் செய்தார். கணனி பிறப்பதற்கு நூறு ஆண்டு முந்திய வேலைகள் இவை.

மற்றக் குறை நம்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சிவப்பும் மஞ்சளும் அந்தத் தகட்டுக்கு ஏறக்குறைய இருட்டு. மாநிறத் தோல் அதில் உள்ளதை விடக் கறுத்து விழும். 1873இல் ஹேர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி சாயம் சேர்த்து இதைத் திருத்தும் வழியைக் கண்டுபிடித்தார். அது கடைத்தகடுகளில் பரவலாக வரப் பின்னும் பல ஆண்டுகள் பிடித்தன. நம் முப்பாட்டன்மாரின் கறுத்த முகங்களை நாம் பழைய படங்களில் பார்ப்பதில் வெயிலின் பங்கும் உண்டு, இரசாயனத்தின் பங்கும் உண்டு. அதில் யாரும் கை வைக்கவில்லை என்பதால் அதை உண்மை என்று ஏற்றுக்கொள்வதா?

1870களின் நடுப்பகுதியில் சார்ள்ஸ் ஸ்கோவன் கண்டியில் ஸ்டூடியோ திறந்தார். என் கண்ணுக்கு அந்நூற்றாண்டின் கமராக்காரர்களுள் மிகச் சிறந்தவர் அவர்தான். பேராதனைத் தோட்டத்து இலைகளையும் பழங்களையும் அவர் எடுத்த விதத்தைப் பார்த்தால், ஒளியை எங்கே நிறுத்துவது என்று அறிந்த கை தெரியும். 1890இல் கொழும்பில் தொடங்கிய ப்ளாட்டே நிறுவனம் பின்னாளில் கண்டியிலும் நுவரெலியாவிலும் கிளை வைத்து, படத் தபாலட்டைகளை மூட்டை மூட்டையாக விற்றது. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்கு அனுப்ப அவை வேண்டியிருந்தன. கட்டுகஸ்தோட்டையில் மகாவலியில் குளிக்கும் யானை, தலதா மாளிகை, வாவி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். இவற்றோடு ‘இன மாதிரிகள்’ என்ற ஒரு வகையும் இருந்தது. கண்டியப் பிரதானி, ரொடியப் பெண், தமிழ்ப் பெண், மூர்மேன்.

அந்த மூர்மேன் நம்மவர். இவ்வட்டைகளை வாசகர்கள் கட்டாயம் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். தொப்பி, சால்வை, சாரம், கையில் ஏதாவது சரக்கு. முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை, ஏனெனில் அசையாதே என்று சொல்லியிருப்பார்கள். பின்னால் தீட்டிய திரை, அல்லது பேருக்கு ஒரு வாழைமரம். அடியில் அச்சிட்ட எழுத்தில் இனப்பெயர் இருக்கும், ஆள்பெயர் இராது. பிரதானிகளின் படங்கள் சிலவற்றில் பெயர் எழுதப்பட்டதுண்டு. தலைச்சுமை வியாபாரிக்கும் கொழுந்து பறித்த பெண்ணுக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இதே கண்டியில், இதே ஆண்டுகளில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1882 டிசம்பரில் அறிஞர் சித்திலெப்பை கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை வெளியிடத் தொடங்கினார். 1885இல் அவருடைய ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ வந்தது. 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் அஹ்மத் ஒராபி பாஷா 1892 முதல் 1901 வரை கண்டியில்தான் வாழ்ந்தார். ஒரு பக்கத்தில் பெயரும் முகவரியும் கொள்கையும் உள்ள முஸ்லிம்கள் கல்வியைப் பற்றியும் உலக அரசியலைப் பற்றியும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சில வீதிகளுக்கு அப்பால் அதே சமூகத்தவன் ஒருவன் பெயரில்லாத மாதிரியாக சில சதத்துக்கு விற்கப்படுகிறான். கமராவின் முன் நின்றவனும் ‘முஸ்லிம் நேசன்’ வாசித்தவனும் ஒரே ஆளாக இருந்திருக்கவும் கூடும். படத்தில் அதற்கு இடமில்லை. அந்தப் படங்களில் பெரும்பாலும் எந்தத் திருத்தமும் செய்யப்படவில்லை. ஆனால் ஆளைத் தெரிவு செய்ததிலும், உடுப்பைத் தீர்மானித்ததிலும், அடியில் எழுதியதிலும் திருத்தம் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தக் காலத்துப் படங்களையும் அவற்றை எடுத்தவர்களின் வரலாறுகளையும் தேடிச் சேர்த்து நூலாக்கியதில் நம்மவரான இஸ்மத் ரஹீமுக்குப் பெரும் பங்குண்டு. கட்டடக் கலைஞரும் ஓவியருமான அவர் பேர்சி கொலின் தோமேயுடன் சேர்ந்து 2000இல் பிரித்தானிய இலங்கையின் புகைப்படக்கலை பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் தமிழில் வராதது நமக்குத்தான் நட்டம்.

ஸ்கோவன் கண்டியில் கடை திறந்த அதே காலத்தில், 1875இல், உலகப் புகழ்பெற்ற ஒரு பெண் கமராக்காரர் இலங்கைக்குக் குடிவந்தார். கல்கத்தாவில் 1815இல் பிறந்து, நாற்பத்தெட்டாம் வயதில் முதற் கமராவைக் கையிலெடுத்த ஜூலியா மார்கரெட் கமரன். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரனை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். கண்டிய மாகாணங்களைக் கரையோரத்துடன் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்த 1833ஆம் ஆண்டின் கோல்புறூக்-கமரன் சீர்திருத்தத்தில் இரண்டாம் பெயர் அவருடையது. நான் வகுப்பில் அச்சீர்திருத்தத்தைப் படிப்பிக்கும்போது மனைவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வேன். பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததும் பிள்ளைகள் பேனையை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்பார்கள்.

அம்மையார் தமது படங்களின் கீழ் ‘உயிரிலிருந்து’ என்று பொருள்படும்படி கையால் எழுதுவது வழக்கம். தகட்டை யாரும் சுரண்டித் திருத்தவில்லை என்பதற்கான உறுதிமொழி அது. கீறலும் கறையும் மங்கலும் இருந்தால் அவற்றோடேயே அச்சிட்டார். அதற்காக அன்றைய விமர்சகர்களிடம் ஏச்சும் வாங்கினார். ஆனால் படத்துக்கு உட்காருகிறவர்களுக்கு அவர் செய்யும் அலங்காரத்துக்கு எல்லையே இல்லை. 1877 ஜனவரியில் ஓவியர் மரியான் நோர்த் களுத்துறையில் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, கொதிக்கும் வெயிலில் கம்பளித் துணியைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைக் குத்துகளுக்கு நடுவே நிறுத்தி, மிகவும் இயல்பாக இருக்கும்படி கேட்டுக்கொண்டாராம். நோர்த் அம்மையாரே தமது நினைவுக் குறிப்பில் சிரிப்போடு இதை எழுதியிருக்கிறார். தகட்டில் கை படாத, ஆளில் முழுக்கக் கை பட்ட படம்! கமரன் அம்மையார் 1879 ஜனவரியில் மலைநாட்டில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத்துத் தமிழர்களும் கிராமத்தவர்களும் அவற்றில் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்த படங்கள் அவை. தபாலட்டை முகங்களில் இல்லாத ஒரு கனம் அந்த முகங்களில் உண்டு. ஆனால் அங்கும் பெயர்கள் இல்லை.

லயனல் வென்ட்டிடம் வரும்போது விவாதமே தலைகீழாகிறது. 1900இல் பிறந்து 1944இல் மறைந்த வென்ட் சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், கடைசியில் கமராக்காரர். 1934இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் கேட்கும் குரல் அவருடையது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்துதான் அதில் அவர் வாசிக்கிறார். படத்துக்குப் பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை. கண்டிய நடனக் கலைஞர்களை, அவர்களது உடலின் வலிமையையும் தாளத்தையும், வென்ட் எடுத்த படங்களை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அவர் இருட்டறையில் செய்யாத வேலை இல்லை. அச்சாகும் நடுவே வெளிச்சம் பாய்ச்சி ஒளியையும் நிழலையும் இடம் மாற்றுவார். இரண்டு மூன்று தகடுகளை ஒன்றாக்குவார். கமராவே இல்லாமல், பொருட்களை நேரே காகிதத்தில் வைத்தும் படம் செய்வார். ‘கடும் திருத்தம்’ என்று இன்று நாம் குறைசொல்லும் அனைத்தும் அவரிடம் உண்டு. ஆயினும் அவருடைய நடனக்காரனைப் பார்க்கும்போது ஒரு கலைஞனைப் பார்க்கிறோம். தபாலட்டையைப் பார்க்கும்போது ஒரு சாதியைப் பார்க்கிறோம். இதற்கு நான் கண்ட விளக்கம் இது: வென்ட் தமது கைவேலையை ஒளிக்கவில்லை. படத்தைப் பார்த்த கணத்திலேயே இது ஒருவன் செய்த வேலை என்று தெரியும். தபாலட்டையோ தன்னை யாரும் செய்யவில்லை, உலகம் இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தது. வென்ட் இறந்தபின் அவருடைய மூலத் தகடுகள் அழிக்கப்பட்டன. அச்சுகளே எஞ்சின.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். உருவப்படம் மாட்டுவதில் நம் பெரியவர்களுக்கு இருந்த தயக்கம் எல்லோரும் அறிந்ததே. அதனால் பல வீடுகளில் மூத்தவர்களின் முகம் இருந்தது ஒரேயொரு இடத்தில்தான். 1972 தொடக்கம் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையில். என் மூத்தவாப்பா துணி மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்றவர். நான் ஆண்டு இரண்டில் படிக்கும்போது மௌத்தானார். வாப்பா அந்த அடையாள அட்டைப் படத்தைக் கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வந்தார். அக்கால வழக்கப்படி சுருக்கங்களைப் பென்சிலால் மூடி, கன்னத்துக்குச் சிவப்புத் தடவி, கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் வரைந்திருந்தார்கள். மூத்தும்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கோட்டு நல்லாத்தான் ஈக்கி. ஆளு எங்க?” என்று கேட்டார். அது அலுமாரிக்குள் போனது. அட்டையில் இருந்த தபால்தலை அளவு முகத்தைத்தான் அவர் கடைசிவரை தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.

ஸ்டூடியோக்காரரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வாழ்நாளெல்லாம் கோட்டுப் போட முடியாதவருக்கு ஒரு கோட்டுக் கொடுப்பது மரியாதை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். வாப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

இயற்கையான கணம் என்ற சொல்லுக்குப் பெரும் மதிப்பு வந்தது 1952இல் ஹென்றி கார்த்தியே-பிரெசோனின் நூல் வெளிவந்த பிறகு. காத்திருந்து, சரியான நொடியில் அழுத்து, பிறகு படத்தில் கைவைக்காதே என்பது அவர் வழி. நல்ல வழிதான். ஆனால் காத்திருக்கிறவனுக்காகக் கணத்தைத் தயாரித்துக் கொடுக்கும் தொழிலும் கூடவே வளர்ந்தது. 1995இல் ஸ்டீவ் மக்கரி வெலிகமையில் கம்பத்தில் அமர்ந்து மீன்பிடிப்பவர்களை எடுத்த படம் உலகெங்கும் போனது. இன்று அக்கரையில் கம்பத்தில் ஏறியிருக்கும் பலர் மீனுக்காக ஏறுவதில்லை. உல்லாசப் பயணிகள் தரும் காசுக்காக ஏறுகிறார்கள். அங்கே எடுக்கப்படும் படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்த வேண்டியதில்லை, காட்சியே திருத்தப்பட்டுவிட்டது. கட்டுகஸ்தோட்டை யானைகள் நூறு வருடத்துக்கு முன்பே இந்த வேலையைப் பழகியிருந்தன. 2016இல் இத்தாலியக் கண்காட்சி ஒன்றில் வைத்த கியூபாப் படத்தில் கணனித் திருத்தம் பிசகியிருந்ததை ஒருவர் கண்டுபிடித்ததும் மக்கரி மீதே பெரும் விவாதம் எழுந்தது. தாம் பத்திரிகையாளர் அல்ல, படத்தால் கதை சொல்பவர் என்று அவர் பதில் சொன்னார். அதற்கு முந்திய ஆண்டு உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திருத்தம் காரணமாக நீக்கப்பட்டது. போட்டிகளுக்கு அப்படியொரு விதி வேண்டும்தான். பத்திரிகைப் படம் சாட்சி சொல்லும் படம்.

சாட்சி என்று வரும்போது 2018ஐத் தாண்டிப் போக முடியாது. அவ்வாண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில், உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகச் சொல்லி ஒரு கூட்டம் கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரியாக வராத அவர் மிரண்டுபோய்த் தடுமாறிச் சொன்ன பதிலைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து பரப்பினார்கள். உணவில் கண்டது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை கொடுத்தார். அதற்குள் காணொளி நாடு முழுக்கச் சுற்றிவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களில் நம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம், 7இல் சமூக ஊடகத் தடை. பேஸ்புக் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

அம்பாறையில் பதிவானதை யாரும் கணனியில் மாற்றத் தேவையிருக்கவில்லை. ஒரு மனிதன் உண்மையிலேயே பயந்து, உண்மையிலேயே தடுமாறிய கணம் அது. இயற்கைத் தன்மைக்குப் பரிசு கொடுப்பதென்றால் அதற்கும் கொடுக்க வேண்டியிருக்கும். கேட்கப்பட்ட கேள்வி அவருக்கு விளங்கியதா, கதவருகே எத்தனை பேர் நின்றார்கள் என்பது சட்டகத்துக்குள் வரவில்லை. தபாலட்டைக் காலத்திலிருந்து நமக்கு நேர்ந்துவந்ததும் இதுதான். முகம் நம்முடையது, அடியில் எழுதும் வாசகம் வேறொருவருடையது.

அதே மார்ச் மாதம் இன்னொரு வகைப் படமும் வந்தது. கடைகளிலும் பள்ளிவாசல்களிலும் பொருத்தப்பட்டிருந்த கண்காணிப்புக் கமராக்களின் பதிவுகள். அவற்றை ஆராய்ந்து ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அம்மாதமே விரிவான செய்தி வெளியிட்டது. மங்கல், கோணல், நிறமில்லை, எடுத்தவர் என்று எவரும் இல்லை. கலை என்ற பேச்சுக்கே இடமில்லாத அந்தப் பதிவுகளில் மூலையில் திகதியும் நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. அதுவரை மறுக்கப்பட்ட கேள்விகளைக் கேட்பதற்கு அவை போதுமாக இருந்தன.

இப்போது கமராவே இல்லாமல் சொற்களைக் கொடுத்துப் படம் வாங்கும் காலம். 2023இல் அப்படிச் செய்த படத்துக்கு சோனி உலகப் புகைப்படப் போட்டியில் பரிசு கிடைத்தபோது, அதை அனுப்பிய ஜெர்மானியக் கலைஞர் தாமே உண்மையைச் சொல்லிப் பரிசை மறுத்தார். என் மாணவர்களுக்கு அந்தச் செய்தியைச் சொன்னபோது அவர்கள் ஆச்சரியப்படவில்லை. பரிசை ஏன் மறுத்தார் என்றுதான் கேட்டார்கள்.

பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு நான் ஒரு வேலை கொடுத்து வருகிறேன். வீட்டில் இருக்கும் மிகப் பழைய படம் ஒன்றைத் தேடி, அதில் இருப்பவர் யார், எங்கே எடுத்தது, எந்த ஆண்டு, கமராவுக்குப் பின்னால் நின்றவர் யார், படத்துக்கு நிற்கச் சொன்னது யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். முதல் மூன்றுக்கும் விடை பெரும்பாலும் வந்துவிடும். நாலாவதுக்கு ஸ்டூடியோவின் பெயர் வரும். ஐந்தாவதை எழுதத் தெரியாமல் பிள்ளைகள் திணறுவார்கள். சென்ற தவணை ஒரு மாணவி மட்டும் எழுதி வந்தாள். படத்தில் இருந்தவர் அவளுடைய உம்மாவின் மாமி. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகக் கடவுச்சீட்டு எடுப்பதற்காக, வீட்டில் யாருக்கும் சொல்லாமல், அவர் தானே பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் எடுத்த படமாம்.